ஜில்லுவுக்கு இருட்டென்றால் பயம்

அந்த வசனத்தை எழுதிய அன்று பூவராகன் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான்.

வடபழனியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது அவர்களுடைய ஸ்டூடியோ. 'லிஃப்ட் வராத வீடு' என்ற கார்ட்டூன் தொடர் அங்கேதான் தயாரானது. எட்டு மாடிக் குடியிருப்பில் கடைசி மாடியில் வாழும் சிங்காரம் குடும்பத்தின் கதை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் வராது, வந்தால் நிற்காது, நின்றால் கதவு திறக்காது. ஆறு வருஷமாக வீடு வீடாக அந்த லிஃப்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷமும் எழுதியவன் பூவராகன்தான்.

அந்த வருஷத் தீபாவளிச் சிறப்புப் பகுதிக்கு அவன் பொம்மை வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டான். பண்டிகை நெருங்கினாலே குழந்தைகளைக் குறிவைத்து வருகிற விளம்பரங்கள் மேல் அவனுக்கு நெடுநாள் எரிச்சல். கதை எளிமையானது. சிங்காரம் தன் மகள் அல்லியுடன் தீபாவளித் துணி எடுக்கக் கடைக்குப் போகிறார். போன இடத்திலும் அவர் மட்டும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார். அவர் அங்கே கத்திக்கொண்டிருக்கும்போது விற்பனையாளன் ஒருவன் அல்லியை மடக்கி ஜில்லு என்ற பொம்மையை அவள் முன்னால் வைக்கிறான். மூன்று காது, தட்டு மாதிரி கண்கள்.

"இதுக்கு பேட்டரியே வேண்டாம் பாப்பா. பெத்தவங்க இருந்தா போதும்" என்பான் விற்பனையாளன்.

அல்லி நகரப் பார்க்கும்போது பொம்மை பேசும்: "போறியா? கடை மூடினதும் லைட்டை அணைச்சிடுவாங்க. எனக்கு இருட்டுன்னா பயம்."

இதுதான் அவன் கைதட்டிக்கொண்ட வசனம். ஒரு குழந்தையின் இரக்கத்தில் கையை விட்டுப் பணம் எடுக்கிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று நினைத்தான். கடைசிக் காட்சியில் அல்லி பொம்மையைத் திருப்பிப் பார்ப்பாள். முதுகில் ஒரு ஸ்விட்ச். அமுக்கினால் பேச்சு நின்றுவிடும். "இவ்வளவுதானா!" என்று சிரித்துக்கொண்டே மத்தாப்பு கொளுத்த ஓடுவாள்.

எந்தப் பொம்மைக் கம்பெனியும் இந்தப் பகுதிக்கு விளம்பரம் தராது என்று அவன் எதிர்பார்த்தான். ஆனால் தயாரிப்பாளர் சுதன் ஒரு நாள் பிற்பகல் அவனைக் கூப்பிட்டு, 'குதூகலம்' என்ற பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார். வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்களுக்குக் கோபமே இல்ல சார். பிரமாதமா கிண்டல் பண்ணியிருக்கீங்க. அந்த ஜில்லுவையே நாங்க தயார் பண்ணி விக்கப்போறோம். பொம்மையைக் கிண்டல் பண்ற பொம்மை! பெத்தவங்களே விரும்பி வாங்குவாங்க."

பூவராகனுக்கு அது கொஞ்சம் இடித்தது. ஆனால் கூடவே, தான் கற்பனையில் வரைந்த ஒன்று கடை கடையாக உட்காரப்போகிறது என்ற சந்தோஷமும் வந்தது. சுதனுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை. சேனலின் தொழில்நுட்பப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள், முப்பது வயதிருக்கும்.

"இந்தத் தடவை வீட்டுப் பதிப்பு சார்" என்றாள். "நீங்க எழுதறது ஒண்ணுதான். ஆனா டிவி அதை அப்படியே போடாது. எதிர்ல யார் உக்காந்திருக்காங்க, எங்க சிரிக்கிறாங்க, எங்க முகம் மாறுதுன்னு பாத்துக்கிட்டே, அந்த வீட்டுக்குத் தகுந்த மாதிரி படத்தை வரைஞ்சுக்கிட்டே போகும். ஒரு வீட்ல ஓடினது அடுத்த வீட்ல ஓடாது."

"அப்போ மொத்தம் எத்தனை படம்?"

"எத்தனை வீடோ அத்தனை."

"வீட்டுக்குள்ள இருக்கறவங்களைப் பாக்கறதுக்கு யார் அனுமதி குடுத்தா?"

"அவங்கதான் சார். புது டிவி வாங்கினதும் வரிசையா 'சரி' 'சரி'ன்னு அமுக்கறோம்ல, அதுல ஒண்ணு இது. யாரும் படிக்கிறதில்ல."

இரண்டு வாரம் கழித்து ரிஸ்வானா தனியாக அவன் அறைக்கு வந்தாள். நானூறு வீடுகளில் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்திருந்தார்கள். பல வீடுகளில் ஜில்லு இருட்டைப் பற்றிப் பேசும்போது குழந்தைகள் கண் கலங்கியதாகச் சொன்னாள். பிற்பாடு நினைக்க நினைக்க அவனைச் சுட்ட விஷயம் இதுதான்: அதைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது பெருமை.

"ஆனா கடைசிக் காட்சியைப் பாத்த குழந்தைங்க பொம்மையைக் கேக்கவே இல்ல சார். அதனால, முகம் வாடின குழந்தை இருக்கற வீடுகள்ல மட்டும் கடைசிக் காட்சியை எடுத்துடலாம்னு சிஸ்டம் சொல்லுது. ஜில்லு கெஞ்சறதோட படம் முடிஞ்சுடும்."

"அப்புறம் அதுல கிண்டல் எங்க இருக்கு? நிஜமாவே விளம்பரமாயிடுமே?"

"ஆமா சார்." அவள் கையிலிருந்த தொடுதிரைப் பலகையை மேஜைமேல் வைத்தாள். "காட்சியை எடுக்கணும்னா எழுத்தாளர் கையெழுத்து வேணும். ஒப்பந்தத்துல உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. வேண்டாம்னு நீங்க சொல்லிட்டா எல்லா வீட்லயும் முழுசா ஓடும். நான் அப்படியே செட் பண்ணிடுவேன்."

அவள் எதிர்பார்த்தது எந்தப் பதிலை என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று காலைதான் சுதன், "ஏழாவது வருஷம் தொடர் இருக்குமா இல்லையான்னு இந்தப் பகுதியை வச்சுத்தான் முடிவு பண்றாங்க பூவா" என்று சொல்லியிருந்தார். படம் வரைகிற இருபத்திரண்டு பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். கொஞ்சம் வீடுகளில் மட்டும்தானே என்றும் சொல்லிக்கொண்டான். விரலால் கையெழுத்துப் போட்டான். ரிஸ்வானா பலகையை எடுத்துக்கொண்டு போனாள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை படம் ஓடியது. திங்கட்கிழமைக்குள் கடைகளில் ஜில்லு பொம்மைகள் குவிந்தன. குவிந்த வேகத்தில் தீர்ந்தன. ஸ்டூடியோவில் கேக் வெட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை செய்தி வந்தது.

புரசைவாக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. புதன்கிழமை மாலை துணி எடுக்க வந்த குடும்பத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. மைக்கில் அறிவித்தார்கள், போலீஸ் வந்தது, வாசல் கேமராவில் தலைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. குழந்தை தெருவுக்குப் போய்விட்டது என்று முடிவு செய்து ஊரெல்லாம் தேடினார்கள். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது மூன்றாவது மாடியில், பொம்மைப் பிரிவில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் அவள் இருந்தாள். அங்கிருந்த ஜில்லு பொம்மைகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துத் தன்னைச் சுற்றி உட்கார வைத்திருந்தாள். தூங்கவே இல்லை. காய்ச்சல் கொதித்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

எதற்காக ஒளிந்தாய் என்று கேட்ட பெண் போலீஸிடம் அவள் சொன்னதைத்தான் எல்லாச் சேனல்களும் திரும்பத் திரும்பப் போட்டன: "லைட்டை அணைச்சிடுவாங்க. அதுங்களுக்கு பயமா இருக்கும்."

பூவராகன் அதைப் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான். வாயைக் கொப்பளிக்க மறந்து அப்படியே நின்றான்.

அலுவலகத்தில் சுதன் தொலைபேசியை வைக்க நேரமில்லாமல் இருந்தார். "பாத்தியா பூவா? நாடே ஜில்லுவைப் பத்திப் பேசுது! ஞாயித்துக்கிழமை நீயே அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய் ஒரு ஜில்லு குடுத்துட்டு வா. போட்டோக்காரரை அனுப்பறேன்."

"படத்தை மறுபடி போடறதை நிறுத்துங்க சார். கடைசிக் காட்சியாவது எல்லா வீட்லயும் போகட்டும்."

"நீ கையெழுத்துப் போட்டதுதானேப்பா அது?" என்றார் சுதன். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பூவராகன் ரிஸ்வானாவிடம் போனான். அந்தக் குழந்தையின் வீட்டில் என்ன ஓடியது என்று பார்க்க முடியுமா என்று கேட்டான். பதிவுகளை முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; அதனால் அது இருந்தது. அவள் திரையை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் படம். மறு பக்கம் அந்த வீட்டுக் கூடம்.

குழந்தை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. அம்மா உள்ளே வேலையாக இருக்கிறாள் போலிருந்தது. ஜில்லு இருட்டைப் பற்றிச் சொன்னதும் குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அதே நேரம் படத்தின் ஓரத்தில் சிங்காரம் லிஃப்டின் இடுக்கில் தலையை நீட்டி, "மெக்கானிக் வர்றதுக்குள்ள எனக்கு மாப்பிள்ளையே வந்துடுவாருடா!" என்று கத்தினார். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

குழந்தை திரைக்குத் திரும்பினாள். ஜில்லு இப்போது குரலைத் தாழ்த்தியது. "பரவாயில்ல, நீ போ. நான் பழகிக்கிறேன்."

"இது நான் எழுதலையே!" என்றான் பூவராகன்.

"நீங்க எழுதற மாதிரியே அது எழுதும் சார்."

குழந்தை மறுபடி அப்பாவைப் பார்த்தாள். மறுபடி லிஃப்ட், மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை அவள் திரும்பவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜில்லுவின் கண்கள் மெல்ல அணைவதைப் பார்த்தபடி இருந்தாள். 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று வந்து படம் முடிந்தது.

"ஏன் அந்த நேரத்துலயே லிஃப்ட் ஜோக் வந்துட்டே இருக்கு?"

ரிஸ்வானா திரையில் அப்பாவின் முகத்தைச் சுட்டிக் காட்டினாள். "அவர் திரும்பியிருந்தா குழந்தை அழறதைப் பாத்திருப்பார். பாத்திருந்தா மடியில தூக்கி வச்சு, அது பொம்மைடான்னு ஏதாவது சொல்லியிருப்பார். சமாதானம் ஆன குழந்தை பொம்மை கேக்காது. அதனால அவரைத் திரும்ப விடல. லிஃப்ட் ஜோக்னா அவர் சிரிச்சிடுவார்னு அதுக்குத் தெரியும். ஆறு வருஷமா சிரிச்சிருக்காரே."

"இப்படிப் பண்ணுன்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல சார். பொம்மை விக்கணும்னு மட்டும்தான் சொன்னோம்."

ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டோக்காரரிடம் சொல்லாமல், பொம்மையும் எடுக்காமல் ஓட்டேரிக்குப் போனான். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் ரெக்கார்டிங்கில் பார்த்த அதே மனிதர். தேசிங்கு என்று பெயர். பூவராகன் தான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்து உடனே சுருங்கியது.

"எழுதுறவரா! வாங்க சார், உள்ள வாங்க. சரளா, சார் வந்துட்டாரு!"

வருகிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து முன்பே சொல்லியிருக்க வேண்டும். கூடம் பெருக்கித் துடைத்திருந்தது. குழந்தை கனிஷ்கா தீபாவளிப் பாவாடை சட்டையில், தலைக்குப் பூ வைத்து, காய்ச்சலில் வாடிய முகத்தோடு அம்மாவை ஒட்டி நின்றாள்.

"போட்டோ எடுக்கறவங்க பின்னால வராங்களா சார்?" என்று சரளா கேட்டாள்.

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

தேசிங்கு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். தான் தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு சொல்லியும் நாற்காலிக்கு வரவில்லை. "நான் லிஃப்ட் மெக்கானிக் சார். உங்க புரோகிராமு வந்தா இந்த வூட்ல வேற சேனல் ஓடாது. என்னியே கலாய்க்கிற மாதிரி இருக்கும். அதான் வுழுந்து வுழுந்து சிரிப்பேன்." பிறகு அவர் குரல் இறங்கியது. "சார், நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. நாங்க புள்ளைய அப்புடி வளக்கல. அது வேணும், இது வேணும்னு ஒரு தபா கூட கேக்கமாட்டா. அந்தப் பொம்மையைக்கூட கேக்கல சார். இன்னாத்துக்குப் போய் ஒளிஞ்சாளோ. உங்க புரோகிராமுக்குக் கெட்ட பேராப் பூட்ச்சு. மன்னிச்சுக்குங்க."

"ஊரே டிவியில பாத்துடுச்சு சார். தலை நிமிர முடியல" என்றாள் சரளா.

பூவராகன் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் அவர்கள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள். அவன் பேச்சைத் தொடங்குவதற்குள் குழந்தை பேசினாள். குரல் உடைந்து காற்றாக வந்தது.

"அங்கிள், அல்லி திரும்பி வந்து ஜில்லுவைக் கூட்டிட்டுப் போனாளா?"

அவனுக்கு உள்ளுக்குள் ஒரு விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. இவளிடமிருந்து பிடுங்கியதை இப்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். நாற்காலியிலிருந்து இறங்கி அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"உங்க வீட்ல கடைசிக் காட்சி வரலடா கண்ணு. நான் சொல்றேன் கேளு. அல்லி அந்தப் பொம்மையைத் திருப்பிப் பாப்பா. முதுகுல ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அமுக்கினதும் ஜில்லு பேசறது நின்னுடும். அது வெறும் பொம்மைன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். 'இவ்வளவுதானா'ன்னு சிரிச்சுக்கிட்டே மத்தாப்பு கொளுத்தப் போயிடுவா."

குழந்தை ஓரடி பின்னால் போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குன்னு சொல்லிச்சே... அதை அமுக்கிட்டாளா?"

"அது பொம்மைதானேம்மா..."

"அப்புறம் சிரிச்சாளா?"

இத்தனை நாளும் அந்தக் கடைசிக் காட்சியில்தான் தன் மனசாட்சி பத்திரமாக இருக்கிறது என்று அவன் நம்பியிருந்தான். அதை வெட்டச் சம்மதித்தது மட்டும்தான் தன் குற்றம் என்று நினைத்திருந்தான். இந்தக் குழந்தையின் கண்ணுக்கு, அதை வெட்டியதைவிட அந்தக் காட்சியே மோசமாக இருந்தது. இரக்கப்பட்ட அல்லியையே, இவ்வளவுதானா என்று சிரிக்கவைத்து எழுதியவன் அவன்தான். அதை எந்த இயந்திரமும் எழுதவில்லை.

அவன் தேசிங்கு பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான். டிவி எப்படிப் பார்க்கிறது, எப்படி வீட்டுக்கு வீடு மாற்றுகிறது, எந்தக் காட்சியை எடுத்தார்கள், அந்த வீட்டுப் பதிவைத் தான் எங்கே பார்த்தான், வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் எப்படிக் கையெழுத்துப் போட்டான் என்று. சரளா பாதியிலேயே போய் டிவி மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். தேசிங்கு கோபப்படுவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று அவன் காத்திருந்தான். தள்ளினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

தேசிங்கு துணி போட்டு மூடிய டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ கனி அழுததை அந்த டிவி பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"நான் பக்கத்துலதான் சார் குந்தினு இருந்தேன். கைக்கு எட்ற தூரம்." அவர் கையை நீட்டி அளந்து காட்டினார். "நான் பாக்கலையே சார்."

தேசிங்கு நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"நீங்க அதைப் பாத்தேன்னு சொன்னீங்களே. அழுவுறப்போ அவ என்னைப் பாத்தாளா சார்? நான்தான் கவனிக்காம சிரிச்சுக்கினு இருந்தேனா?"

அந்த மூன்று தடவையும் அவன் கண்ணுக்குள் ஓடின. பிதுங்கிய உதடு, திரும்பிய முகம், தொடையைத் தட்டிய கை. இந்த மனிதரைச் சிரிக்கவைத்தது தன்னுடைய மிகச் சிறந்த ஜோக் என்பதும் நினைவுக்கு வந்தது.

"இல்லைங்க" என்றான். "உங்களைப் பாக்கவே இல்ல. டிவியைத்தான் பாத்துக்கிட்டிருந்தா."

சொன்ன பிறகுதான் குழந்தை அங்கேயே நிற்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. கனிஷ்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறவரை முதல் தடவையாக அருகில் பார்க்கிறவளைப் போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அம்மாவின் சேலையை விட்டுவிட்டுப் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"ஆமாப்பா" என்றாள், அந்தக் கட்டிப்போன குரலில். "நான் டிவியைத்தான் பாத்தேன். உன்னைப் பாக்கல."

பூவராகன் அப்போதும் மண்டியிட்டபடிதான் இருந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தக் குழந்தை இருக்கிற பக்கம் முகத்தைத் தூக்க முடியாததால், அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.